நரை, டை, மீசை: செவ்வாய்க்கிழமை கேள்வி பதில்

இன்று செவ்வாய், கடை லீவு. மதுரையில் ஆண்கள் சலூன் நடத்துகிறேன். டை அடிப்பதும், வீட்டில் அடித்துக் கெடுத்துக்கொண்டு வருவதைச் சரிசெய்வதும் எனக்குத் தினப்படி வேலை. நரை, டை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். வழுக்கை, முடி கொட்டுவது, முடி நடுவது இன்றைக்கு வேண்டாம், அது தனிக் கதை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த டையாக இருந்தாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் தலையில் பூச வேண்டும். இதை இன்று நிறைய தடவை சொல்வேன், கோபப்படாதீர்கள்.

ராத்திரி ஷிப்ட்: வயது 34. கிருதாவில் மட்டும் வெள்ளை. டை ஆரம்பித்தால் மிச்ச முடியும் வெளுத்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

வெளுக்காது. முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் தோலுக்குள்ளே, வேர்ப் பக்கம் இருக்கின்றன. டை வேலை செய்வது வெளியே வந்துவிட்ட முடியில். 34 வயதில் டை ஆரம்பித்தவருக்கு 40 வயதில் நரை கூடியிருக்கும். டை தொடாமல் இருந்திருந்தாலும் கூடித்தான் இருக்கும், ஆனால் பழி டை மேல் விழுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. டையோடு கலக்கும் பெராக்சைடு உங்கள் கருப்பு முடியின் சொந்த நிறத்தையும் கொஞ்சம் எடுத்துவிடும். டை மங்கியதும் அந்த இடம் செம்பட்டையாகத் தெரியும், பார்ப்பவர்கள் “முடியே கெட்டுப்போச்சு” என்பார்கள். கிருதா மட்டும்தான் என்றால் தலை முழுக்கப் பூசாதீர்கள். பக்கத்தை ஒட்ட வெட்டச் சொல்லுங்கள், பாதி வெள்ளை அங்கேயே காணாமல் போய்விடும்.

புதுமாப்பிள்ளை: வர்ற ஞாயிறு நிச்சயதார்த்தம். இதுவரை டை அடித்ததில்லை. சனி ராத்திரி அடித்தால் போதுமா அண்ணே?

போதாது தம்பி. எனக்கு வருகிற பெரிய தொல்லையே இந்த ‘முதல் நாள் ராத்திரி’ கூட்டம்தான். தலைக்கு அடிக்கும் டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா பினைலீன் டயமீன், சுருக்கமாகப் பிபிடி என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அரிப்பில் ஆரம்பித்து, நெற்றி தடித்து, மறுநாள் காலை இரண்டு கண்ணும் திறக்க முடியாத அளவு வீங்கிவிடும். நிச்சயதார்த்த போட்டோவில் அப்படி நிற்க வேண்டுமா?

இன்றைக்கே பொட்டு வையுங்கள். வியாழன் ராத்திரி வரை அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை அடியுங்கள். ஒன்றிரண்டு தடவை தலைக்குக் குளித்த பிறகுதான் நிறம் அடங்கும், தோலில் பட்ட கறையும் போகும். அதனால்தான் வெள்ளி.

நிறம் வாங்கும்போது சுத்தக் கருப்புக்குப் போகாதீர்கள். 3 அல்லது 4ஆம் நம்பர், அதாவது அடர் பழுப்பு வாங்குங்கள். நம் ஆட்களின் முடியை வெயிலில் வைத்துப் பார்த்தால் மைக்கருப்பாக இருக்காது. மைக்கருப்பு அடித்தவரை பஸ் ஸ்டாப்பிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்குங்கள், எவர்சில்வர் வேண்டாம். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். நரைமுடி முரடு, நிறம் பிடிக்க நேரம் எடுக்கும், எனவே வெள்ளை அதிகமுள்ள கிருதாவில் முதலில் பூசுங்கள். பெட்டியிலிருக்கும் தாளில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விடாதீர்கள். கலந்ததில் மிச்சமானால் மூடி வைக்காமல் கொட்டிவிடுங்கள். மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும்.

பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. கல்யாணமாகி மூன்றாவது வாரம் பாத்ரூமில் கிண்ணத்தைப் பார்த்து அவரே கண்டுபிடிப்பதை விட, இப்போதே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவது சுலபம்.

மாட்டுத்தாவணி: பக்கவிளைவே இல்லாத இயற்கை டை எது?

மருதாணியும் அவுரியும். மருதாணி மட்டும் போட்டால் வெள்ளை முடி ஆரஞ்சு ஆகும், அதற்கு மேல் அதனால் முடியாது. அவுரி இலைப்பொடி நீலம் கொடுக்கும். ஆரஞ்சின் மேல் நீலம் ஏறினால் பழுப்பு, நன்றாக ஏறினால் கருப்பு. முதலில் மருதாணி பூசி இரண்டு மூன்று மணி நேரம் வைத்து அலசுங்கள். அப்புறம் அவுரிப்பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, வெகுநேரம் வைக்காமல் பூசி, ஒரு மணி நேரத்துக்கு மேல் விடுங்கள். அலசியதும் பச்சை அடித்தமாதிரி இருந்தால் பதற வேண்டாம், ஒரு நாளில் கருக்கும். அன்று ஷாம்பு போடாதீர்கள். நம் திண்டிவனம், விழுப்புரம் பக்கமே அவுரி பயிராகிறது, வடக்கிலிருந்து வரவேண்டியதில்லை. சில பேருக்கு இலைப்பொடியும் ஒத்துக்கொள்ளாது, ஆகவே இதற்கும் பொட்டு உண்டு.

நேரம் போகும், நிறம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்காகத்தான் ‘பத்தே நிமிடத்தில் கருப்பு மருதாணி’ என்று ஒன்றை விற்கிறார்கள். இலை பத்து நிமிடத்தில் கருப்பாக்காது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் பிபிடி இருக்கும். முன்பக்கம் இலைப் படத்தைப் பார்த்து வாங்கி வீங்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். பொருட்காட்சியில் கையில் வரைகிற கருப்பு ‘மருதாணி’ டாட்டூவும் இதே சரக்குதான், பல சமயம் டையை விட அதிகமாகவே கலந்திருப்பார்கள். சின்ன வயதில் அதை வரைந்து உடம்பு முறைத்துக்கொண்டால், பிறகு வாழ்நாள் முழுக்கப் பிபிடி டை ஆகாது.

வெள்ளிக்கம்பி: கரிசலாங்கண்ணி எண்ணெய்?

தாராளமாகத் தேயுங்கள். வெள்ளை கருப்பாகாது.

பிளஸ் டூ அப்பா: பையனுக்கு 17 வயது, முன்பக்கம் நிறைய நரை. ஸ்கூலில் ‘தாத்தா’ என்று கூப்பிடுகிறார்களாம். டை ஆரம்பிக்கலாமா?

முதலில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நம் ஊரில் 25 வயதுக்கு முன் வருவதை இளநரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குடும்ப வாகு. ஆனால் பி12 குறைவு, தைராய்டு கோளாறு இருந்தாலும் வரும், இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். பி12 குறைவு என்று தெரிந்து சரிசெய்தால் சிலருக்கு நிறம் கொஞ்சம் திரும்புவதும் உண்டு. இந்த வயதில் பிபிடி டை ஆரம்பித்தால் இன்னும் நாற்பது வருடம் அடிக்க வேண்டும், அவ்வளவு காலமும் அலர்ஜிக்கு வாசலைத் திறந்துவைப்பதுதான். இப்போதைக்கு முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். கிண்டல் செய்கிற பையன்களை என்ன செய்வது என்பது என் கத்தரிக்கு எட்டாத விஷயம்.

குருசாமி: வருஷா வருஷம் மாலை போடுகிறேன். ஒரு மண்டலம் டை கிடையாது, சவரம் கிடையாது. தாடி முழு வெள்ளை. மலை இறங்கியதும் ஒரே நாளில் கருப்பானால் ஆபீசில் சிரிக்கிறார்கள்.

சாமி, கார்த்திகை, மார்கழியில் ஊரே இப்படித்தான் இருக்கும். என் கடைக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் உண்மையான தலையைக் கண்ணாடியில் பார்ப்பதே அந்த 41 நாளில்தான். ‘பரவாயில்லையே’ என்று அப்படியே விட்டவர்களும் உண்டு. மாலை கழற்றியதும் தாடியை எடுத்துவிட்டு, தலையை மட்டும் ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். பழைய டை இருந்த நுனியெல்லாம் அதிலேயே போய்விடும். ஒரு வாரம் அப்படி ஆபீஸ் போய்ப் பாருங்கள். அப்புறமும் வேண்டுமென்றால் அடர் பழுப்பு.

மூணாவது பெஞ்ச்: எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. டை அடிப்பதே பொய்தானே? ஆம்பளை வயதை மறைத்து என்ன சாதிக்கப் போகிறான்?

தமிழ் வாத்தியார்: சரியான கேள்வி. பிசிராந்தையாரிடம் இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று கேட்டதற்கு, மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர் என் மனம்போல் நடப்பவர்கள், அரசன் தீமை செய்யாமல் காக்கிறான், ஊரில் சான்றோர் பலர் என்று புறநானூற்றில் காரணம் சொன்னார். டை பாக்கெட்டைக் காட்டவில்லை.

ரெஸ்யூம் 49: வாத்தியாருக்குச் சம்பளம் மாதம் பிறந்தால் வரும். போன வருடம் எனக்கு வேலை போனது. நரைத்த தலையோடு போன இன்டர்வியூவில் என் மகன் வயதுப் பையன் “உங்களால் இந்த வேகத்துக்கு ஓட முடியுமா சார்” என்று கேட்டான். டை அடித்துப் போனேன், அந்தக் கேள்வி வரவில்லை. யாருக்கு நான் பொய் சொன்னேன்?

மூணாவது பெஞ்ச்: அஜித் 2011இல் ‘மங்காத்தா’வில் நரைத்த தலையோடு வந்தார். ரஜினி பொது இடத்துக்கு வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாகத்தான் வருகிறார். அவர்கள் மார்க்கெட் விழுந்ததா?

சரவணன் மனைவி: ஆம்பளைக்கு வெள்ளை வந்தால் ‘சால்ட் அண்ட் பெப்பர்’. எனக்கு இரண்டு முடி வெளுத்ததற்கு “உடம்பு சரியில்லையா” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நீங்கள் உட்கார்ந்து பொய்யா நிஜமா என்று பட்டிமன்றம் நடத்துங்கள்.

இதற்கு நானே வருகிறேன். மூணாவது பெஞ்ச், அஜித்துக்கு இன்டர்வியூ வைக்க ஆள் இல்லை. ரெஸ்யூம் 49 சாருக்கு இருக்கிறது. அக்கா சொன்னதுதான் இதில் கனமான பேச்சு, அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு பழைய சங்கதி. இளம் சோழனிடம் வழக்கோடு வந்த இரண்டு கிழவர்கள், “சின்னப் பையன், இவனுக்கு என்ன தெரியும்” என்று தயங்கினார்கள். அவன் உள்ளே போய் நரைமுடி வைத்துக்கொண்டு கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னான். கரிகாலன் என்று சொல்வார்கள், பழமொழி நானூற்றில் வருகிறது. ராஜாவே நம்பிக்கைக்காகத் தலை நிறத்தை மாற்றியிருக்கிறான். அன்றைக்கு வெள்ளைக்கு மதிப்பு, இன்றைக்குக் கருப்புக்கு. பார்க்கிறவன் தலையை வைத்து ஆளை எடைபோடுவது மட்டும் மாறவில்லை.

கடையில் நான் பார்ப்பது வேறு. எந்த ஆணும் ‘எனக்கு ஆசை, அடித்துவிடு’ என்று சொல்வதில்லை. வீட்டில் சொன்னாள், பொண்ணு கல்யாணம், மேனேஜர் மாறிவிட்டார் என்று யாரையாவது துணைக்குக் கூட்டி வருகிறார்கள். ஆசைப்பட்டதை ஒளிப்பதால்தான் ராத்திரி, அவசரம், டெஸ்ட் இல்லாமல் பூசுவது எல்லாம். அடிக்கிறவர் வெளிச்சத்தில் அடியுங்கள், அடிக்காதவர் அடுத்தவன் தலையை விடுங்கள்.

தமிழ் வாத்தியார்: கரிகாலன் வைத்தது வேடம். தீர்ப்பு முடிந்ததும் கழற்றிவிட்டான்.

டையும் மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் கழன்றுவிடுகிறது ஐயா. அடுத்த கேள்வி.

கூடல்நகர்: இயற்கை டை சொல்லுங்கள்.

மேலே மாட்டுத்தாவணிக்குச் சொன்னது.

பைக் மெக்கானிக்: மீசைக்கு மட்டும் அடிக்கலாமா? புருவத்துக்கு?

புருவம் கூடவே கூடாது. கண்ணுக்குள் போனால் பார்வைக்கே ஆபத்து. மீசைக்கு, மீசை தாடிக்கென்று விற்பதை வாங்கிப் பொட்டு வைத்துப் பார்த்து, உதட்டில் வாசலின் தடவிப் பழைய டூத் பிரஷால் மயிரில் மட்டும் தொடுங்கள். தலை கருப்பு, மீசை வெள்ளை என்றால் நன்றாக இருக்காது என்பதால் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் மீசை மைக்கருப்பானால் நாடகத்து மீசை.

ஆனையூர்: டை அடித்தால் கேன்சர் வருமா?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, சொந்த உபயோகத்துக்கு அடிப்பவர்களைப் பொறுத்தவரை ‘வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. சலூன் வேலையையோ ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது. ஆக, கவலைப்பட வேண்டியது நீங்கள் அல்ல, நான்தான். கடையில் கையுறை இல்லாமல் டை தொடக்கூடாது என்று பையன்களோடு தினமும் சண்டை போடுகிறேன்.

தெப்பக்குளம்: சைடு எஃபெக்ட் இல்லாத ஹெர்பல் டை பிராண்டு பெயர் ஏதாவது?

பெயர் சொல்ல மாட்டேன். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘அம்மோனியா இல்லை’ என்பதற்கு ‘பிபிடி இல்லை’ என்று அர்த்தமில்லை. பொட்டு, 48 மணி நேரம்.

பாய் கடை: தாடிக்குக் கருப்பு போடலாமா என்று மார்க்கப்படி...

உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள் பாய். சுத்த மருதாணியாக வாங்கித் தருவது மட்டும் என் வேலை.

டென்ஷன் பார்ட்டி: கவலையால் நரைக்குமா? கவலை போனால் கருக்குமா?

எலிகளில் மன அழுத்தத்தால் நிறச் செல்கள் தீர்ந்துபோவதை 2020இல் ஹார்வர்டில் காட்டினார்கள். மனிதர்களில் சில நரைமுடிகள் அழுத்தம் குறைந்தபோது நிறம் திரும்பியதை 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். சில முடிகள்தான், முழுத் தலை இல்லை. லீவு போடுங்கள், நல்லதுதான், ஆனால் கருக்கும் என்று எதிர்பார்த்துப் போடாதீர்கள்.

ரிட்டையர்டு: பல வருடப் பழக்கம், நிறுத்த ஆசை. எப்படி?

நல்ல கேள்வி சார். வேரில் வெள்ளை, நுனியில் கருப்பு என்று வரிபோட்டு நிற்கிற அந்த இரண்டு மூன்று மாதம்தான் கஷ்டம். ஆண்களுக்கு அது சுலபம், குட்டையாக வெட்டினாலே முக்கால்வாசி முடிந்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஒட்ட வெட்டுங்கள். கழுத்தும் காது ஓரமும் சுத்தமாக இருக்கட்டும். நரைத்த தலை கலைந்திருந்தால்தான் நோயாளி போலத் தெரியும், வெட்டு சுத்தமாக இருந்தால் தெரியாது. பேரனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அழுவான்.

அவசரம்: அண்ணே இப்பத்தான் பூசினேன். டெஸ்ட் பண்ணவில்லை. உச்சந்தலை எரிகிறது. இன்னும் இருபது நிமிடம் வைக்க வேண்டுமாம், பொறுத்துக்கொள்ளவா?

உடனே கழுவுங்கள். நிறைய தண்ணீர், மிதமான ஷாம்பு, தேய்க்க வேண்டாம். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இறுகினால் வண்டியை நீங்களே ஓட்டாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டை பெட்டியையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பதில் போட வேண்டாம், எழுந்து போங்கள்.