விடுதலைக்காக நன்றி: எதிலிருந்து விடுதலை?

கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் "விடுதலைக்காக நன்றி" என்று சொல்வது எந்த விடுதலையை என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியல் விடுதலையை அல்ல. பாவத்தின் ஆளுகையிலிருந்தும், குற்றத்தீர்ப்பின் அச்சத்திலிருந்தும், நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசே வழியாக யூதருக்குக் கொடுக்கப்பட்ட சட்டத்தை, கைக்கொண்டே கடவுளுக்கு ஏற்றவராக வேண்டும் என்ற சுமையிலிருந்தும் கிறிஸ்துவின் சிலுவை மரணத்தால் கிடைத்ததாக அவர்கள் நம்பும் விடுதலையையே அது குறிக்கிறது.

யூதரல்லாத பிற இனத்தவரான விசுவாசிகளும் அந்தச் சட்டப்படி விருத்தசேதனம் (ஆண்குறியின் நுனித்தோலை அகற்றும் சடங்கு) செய்துகொள்ள வேண்டும் என்று சிலர் வற்புறுத்திய சூழலில்தான், மீண்டும் அடிமை நுகத்துக்கு உட்படாதீர்கள் என்று கிறிஸ்துவின் அப்போஸ்தலரான பவுல், புதிய ஏற்பாட்டிலுள்ள தம் நிருபமான (கடிதமான) கலாத்தியர் 5:1இல் எழுதினார். இந்த விடுதலை சம்பாதித்த உரிமை அல்ல, பெற்ற கொடை. ஆகவே பெருமைக்கு இடமில்லை, நன்றிக்கே இடமுண்டு. பவுலின் இன்னொரு நிருபமான ரோமர் 6:17இல் பாவத்தின் அடிமைத்தனம் நீங்கியதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும்போது அவர் கையாளும் 'காரிஸ்' என்ற கிரேக்கச் சொல்லே வேறிடங்களில் 'கிருபை' (தகுதி பாராமல் கிடைக்கும் தயவு) என்றும் பொருள்படுவது, என் பார்வையில், எந்த விளக்கத்தையும்விடத் தெளிவாக இதைக் காட்டுகிறது.

விருப்பப்படி நடக்கும் உரிமம் என்று இந்த விடுதலையைக் கொள்வது பரவலான தவறு. அதே கலாத்தியர் நிருபத்தின் 5:13, சுயாதீனத்தை மாம்ச இச்சைக்குச் சாக்காக்காமல் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யச் சொல்கிறது. ஆகவே இந்த நன்றி ஜெபத்தோடு நின்றுவிடாமல், மன்னிக்கப்பட்டவர் பிறரை மன்னிப்பதிலும் வெளிப்பட வேண்டியதாகிறது.