கேட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

"108க்கு போன் பண்ணினால் ஏன் அத்தனை கேள்வி கேட்கிறார்கள், அந்த நேரத்துக்கு வண்டியை அனுப்பலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் அந்த போனை எடுத்தவள் நான். பிறந்து வளர்ந்தது வட சென்னை கொருக்குப்பேட்டையில்.

கேள்விகளில் பாதி இடத்தைப் பற்றித்தான். சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் 108 மையத்துக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் அழைப்பு வரும். உங்கள் போனை எடுப்பவர் திருநெல்வேலிக்காரராக இருக்கலாம். "கேட்டாண்ட வாங்க" என்றால் எந்த ரயில்வே கேட் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிள்ளையார் கோயில் தெரு இல்லாத ஊர் உண்டா? மாவட்டம், ஏரியா, தெரு, பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். வீட்டு எண் சொன்னால் பழைய நம்பரா புது நம்பரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹவுசிங் போர்டு வீடு என்றால் பிளாக்கும் மாடியும் முக்கியம், நோயாளியைப் படியில் தூக்கி இறக்க ஆள் வேண்டியிருக்கும்.

அடுத்தது, உடம்புக்கு என்ன என்ற கேள்வி. நெஞ்சு வலி என்றால் எங்கள் பக்கத்தில் பலர் முதலில் சொல்வது "வாயுதான்மா, சோடா குடிச்சா சரியாயிடும்". வேர்க்கிறதா, வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறதா என்று கேட்டால் "ஆமா" என்பார்கள். அப்படிச் சொன்னால் மாரடைப்பாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்வோம். தயவுசெய்து அவரை நடக்க வைத்துக் கூட்டிப் போகாதீர்கள்.

ஓர் இரவு அழைப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்.

"அக்கா, எங்கம்மாக்கு வலிப்பு வந்துட்ச்சிக்கா. கையில சாவி குடுத்துகீறோம், நிக்கவே மாட்டேங்குது."

சாவியை எடுக்கச் சொன்னேன். வாயில் துணி, ஸ்பூன் எதையும் வைக்காதே, தண்ணீர் கொடுக்காதே, கையைக் காலைப் பிடித்து அழுத்தாதே, பக்கத்தில் இடிக்கிற சாமானைத் தள்ளி வை, அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வை என்றேன். அப்புறம் மணி எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து. அதனால் எப்போது தொடங்கியது என்பதுதான் எங்களுக்கு முதலில் வேண்டும்.

இடம் கொருக்குப்பேட்டை, கேட் பக்கம். சரக்கு ரயில் வந்தால் அந்த கேட் எவ்வளவு நேரம் மூடிக்கிடக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். "கேட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமாப்பா?" என்றேன். பையன் "இந்தப் பக்கம்க்கா" என்றான். அவனுக்கு அது இந்தப் பக்கம், எனக்கு எந்தப் பக்கம்?

"ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நீ கேட்டைத் தாண்டணுமா?"

"ஆமாங்க்கா, தாண்டணும்."

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. கேட்டைத் தாண்டாமல் வரக்கூடிய வண்டியைப் பார்த்து அனுப்ப முடிந்தது. தூரத்தைக் கணக்குப் பார்த்தால் பக்கத்தில் இருந்தது வேறு வண்டி. அது வந்திருந்தால் கேட்டுக்கு அந்தப்புறம் விளக்கைச் சுழலவிட்டு நின்றிருக்கும்.

பைலட்டையும் லைனில் சேர்த்தேன் (ஓட்டுநரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). "போனை வைச்சிடாதேப்பா, அம்மாகிட்ட யாரையாவது உக்கார வைச்சிட்டு நீ தெருமுனைக்கு வா, போன்ல லைட்டைப் போட்டு மேலே தூக்கிப் பிடி" என்றேன். ஓடும்போது அவன் மூச்சிரைப்பதும், பின்னால் நாய் குரைப்பதும் கேட்டன. பக்கத்து வீட்டு அக்கா யாரோ "நின்னுட்ச்சி, நின்னுட்ச்சி, கண்ணத் தொறக்குது" என்று கத்தினார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அதற்குள் பைலட் சொன்னார்: "லைட் தெரியுதும்மா. பையன் நிக்கிறான்."