குழந்தைகளை விட்டுவிட்டு இருவர் மட்டும் சென்னை வருகிறோம், விசேஷமாகச் சாப்பிட எந்த உணவகம் போகலாம்?

பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மனைவியோடு ஒரு சனி, ஞாயிறு சென்னை வருவதாகவும், ஒரு வேளையாவது நல்ல இடத்தில் சாப்பிட ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதில் ஒரே வரிதான். கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலில் இருக்கும் ஆவர்த்தனா உணவகம், சனிக்கிழமை இரவு. ஏன் என்று சொல்வதற்குத்தான் மிச்சமெல்லாம்.

உங்கள் பிள்ளைகள் சின்னவர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் உங்கள் மனைவி சூடாக ஒரு வாய் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருக்கும். தோசை ஊற்றுகிறவர் கடைசியில் சாப்பிடுவதும், ஊட்டி முடித்த தட்டின் மிச்சத்தோடு எழுந்துவிடுவதும் எல்லா வீட்டிலும் நடப்பவை. அதனால் உணவகத்தைத் தேடும்போது எது பிரபலம், எங்கே படம் நன்றாக வரும் என்று பார்க்காதீர்கள். எங்கே போனால் அவர் எழுந்திருக்கவே வேண்டாம் என்று பாருங்கள்.

இந்தக் காரணத்துக்காகவே நட்சத்திர ஓட்டல் பஃபே வேண்டாம் என்கிறேன். எங்கள் ஈரோட்டுப் பக்கம் சென்னை போகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், கொடுத்த காசுக்கு எத்தனை ஐட்டம் பார் என்பார்கள். பஃபேயில் ஒருவர் தட்டோடு போயிருக்கும்போது மற்றவர் தனியாக உட்கார்ந்திருப்பார். அவர் வந்ததும் இவர் கிளம்புவார். வீட்டில் தினமும் நடப்பதும் இதுவேதான். அதற்கு இவ்வளவு தூரம் ரயில் ஏறி வர வேண்டுமா?

மொட்டைமாடி உணவகமும் வேண்டாம். ஒரு முறை போய் அனுபவித்தாயிற்று. பெயர் சொல்ல விரும்பவில்லை. பாட்டுச் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. பில்லில் கேட்காமலே சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். இதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. உணவகக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையம் சொன்னது சரி என்று தீர்ப்பளித்தது. கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள், இல்லையென்றால் எடுக்கச் சொல்லலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆவர்த்தனாவுக்கு வருகிறேன். நாங்கள் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தோம். பெரியவன் அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான், சின்னவளுக்குப் பேச்சு வந்த புதிது. "போயிட்டு வா கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று அம்மா சொன்ன பிறகும் எனக்கு மனசு நிற்கவில்லை. அன்று இரவு மேசையில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் பிடித்தது, மெனுவைப் பார்த்து மண்டையை உடைக்க வேண்டியதில்லை என்பதுதான். 7, 9, 11, 13 கோர்ஸ் என்று, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக அத்தனை தட்டுகள் வருகிற மாதிரி, வரிசைகள் வைத்திருக்கிறார்கள். எது என்று மட்டும் சொன்னால் போதும், சைவமும் உண்டு. காலையில் என்ன டிபன், மதியம் என்ன கட்டிக் கொடுப்பது, ராத்திரிக்கு மாவு இருக்கிறதா என்று தினமும் முடிவெடுக்கிற ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய ஓய்வு என்பது முடிவெடுக்காதவர்களுக்குப் புரியாது.

நம் தென்னிந்தியச் சாப்பாடுதான், ஆனால் வேறு உருவத்தில். தக்காளி ரசத்தைத் தெளிய வடித்து, இலைகள் போட்ட கண்ணாடிக் குடுவையில் அழுத்தி, கோப்பையில் ஊற்றுகிறார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். குடித்தால் தொண்டையில் முழு ரசம். கடைசியில் பறவைக் கூட்டில் முட்டை வைத்த மாதிரி ஓர் இனிப்பு, சோம்பு வாசனையோடு. என் கணவர் மஞ்சள் மண்டியில் இருப்பவர், மூக்கு நன்றாக வேலை செய்யும். "வயிறு நிறையுமா இது?" என்று ஆரம்பித்தவர், ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்த்து இதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார். வயிறும் நிறைந்தது.

ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே நேரம் இருக்கிறதே, அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்பேன். முதலில் பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். அந்தப் பேச்சு தீர்ந்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அதற்கப்புறம்தான் அவர் பங்குக் கடையிலிருந்து பிரிந்து தனியாக மண்டி வைக்கலாமா என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பதைச் சொன்னார். ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். அங்கே யாரும் கூப்பிடவில்லை. முதல் எவ்வளவு வேண்டும், யாரிடம் கேட்கலாம் என்பது வரைக்கும் பேசி முடித்தோம்.

விலை குறைவில்லை. இதைப் படித்துவிட்டு காசுக் கொழுப்பு என்று சிலர் சொல்வார்கள், தெரியும். நானும் வேலைக்குப் போகிறேன். இதற்கென்றே தனியாக எடுத்து வைத்த பணம். நகை வாங்கியிருந்தால் இவர்களே கையில் வாங்கிப் பார்த்துப் பாராட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "புள்ளைகள உட்டுப்போட்டு அப்படியென்ன சோறு?" என்று கேட்டார். என் கணவர் நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது பிள்ளைகளை யாரிடம் விட்டுப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளைகள் என் அம்மாவிடம் பால்சோறு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கக் கல்யாணங்களில் கைக்குழந்தைக்காரி சாப்பிடுவதை யாராவது கவனித்திருக்கிறீர்களா? மடியில் குழந்தை, முதல் பருப்புச் சாதம் அதற்கு. அவள் தன் வாயில் வைக்கப் போகும்போது பந்தி ரசத்துக்குப் போய்விடும். மோர் வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். முதல் பந்தியிலேயே முடித்த ஆண்கள் வெளியே வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பார்கள். அதில் ஒருவர் வந்து பத்து நிமிடம் குழந்தையை வாங்கிக்கொண்டால் போதும். ஆயிரம் பேருக்கு இலை போடத் தெரிந்த ஊருக்கு இது தெரியவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை.

இனி உங்களுக்கு உதவும் விஷயங்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் ஆவர்த்தனா 2024ல் 44வது, 2025ல் 30வது என்று வந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது. ரயில் டிக்கெட் போடும் அன்றே மேசைக்கும் போன் செய்யுங்கள். அப்போதே விலையைக் கேளுங்கள். அறை வாடகை அதிகமுள்ள ஓட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளிக் கடைகள் மாதிரி 5 இல்லை. அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவிலேயே கிண்டி வந்துவிடலாம். பழைய பட்டியல்களில் 'தட்சிண்' என்ற உணவகத்தைப் பார்த்தால் தேடிப் போகாதீர்கள், அது இருந்த அடையாறு பார்க் ஓட்டலை 2023 டிசம்பரில் மூடிவிட்டார்கள்.

சின்னச் சின்னத் தட்டுகளாக வருவது பிடிக்காது, கறியும் சோறுமாகப் பிசைந்து சாப்பிட்டால்தான் சாப்பாடு என்று உங்கள் மனைவி நினைத்தால் நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் சதர்ன் ஸ்பைஸ் போங்கள். அங்கேயும் நிதானமாக உட்காரலாம். ஞாயிறு காலைக்குத் திருவல்லிக்கேணி ரத்னா கபே, 1948லிருந்து இருக்கிறது. இட்லி மூழ்கும்வரை சாம்பார் ஊற்றுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மேசைக்குப் போன் செய்வது, பாட்டிக்குப் பிள்ளைகளின் மருந்தும் பள்ளிக்கூடப் பையும் எங்கே இருக்கிறதென்று எழுதிக் கொடுப்பது, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். அவர் புடவையை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும்.