காற்று மதியத்துக்கு மேல்தான் வரும்

வணக்கம் சார்,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். போன இரண்டு கோடையிலும் போடன்சே ஏரியில் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டேன், பாய்மரம் பொருத்திய பலகைமேல் நின்று காற்றில் ஓட்டும் விளையாட்டு. பாயைத் தூக்கி நிறுத்தி நேராக ஓட்டிவிடுவேன், திரும்பும்போதுதான் விழுவேன். இந்த ஆகஸ்டில் மனைவி, பன்னிரண்டு வயது மகனுடன் இரண்டு வாரம் போர்ச்சுகல் போகிறோம். வடக்கே வியானா டோ காஸ்டெலோவில் தொடங்கி, லிஸ்பன் பக்கத்துக் கடற்கரையான கின்ஷோ வழியாக ஸ்பெயினின் தரிஃபா வரை காரில் இறங்கி, வழியெல்லாம் கடற்கரை கடற்கரையாக ஓட்டுவது என்று திட்டம். மகனுக்கும் அங்கேயே கற்றுக்கொடுக்கலாமா? தெற்கு ஐரோப்பா, தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருக்கும்? பலகையை விமானத்தில் எடுத்துப்போகலாமா? நீங்கள் அந்தப் பக்கம் போய்வருபவர் என்பதால் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் தண்ணீர். அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உங்கள் ஏரி ஆகஸ்டில் இருபது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், போர்ச்சுகலின் மேற்குக் கரையில் அதே மாதம் தண்ணீர் 17, 18 டிகிரியில் நிற்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். மேலே வெயில் கொளுத்தும், கால் வைத்தால் எலும்பு வரை சில்லிடும். காரணம் நீங்கள் தேடிப்போகிற அதே காற்றுதான். அங்கே அதற்கு நோர்ட்டாடா என்று பெயர், வடக்கிலிருந்து வருவது. கோடையில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும், ஸ்பெயினின் உள்நிலமோ வெந்துபோய் அங்கே அழுத்தம் குறைந்திருக்கும், இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிய காற்று கரையை ஒட்டித் தெற்கே ஓடுகிறது. ஓடும்போது, பூமி சுழல்வதால், மேல்மட்டத் தண்ணீரைக் கரையிலிருந்து மேற்கே விலக்கிவிடுகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. ஆக, காற்று நன்றாக அடித்த வாரத்தில் தண்ணீர் இன்னும் குளிரும். அடியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில்தான் மீனுக்கு வேண்டிய சத்தும் இருக்கிறது. கோடை முழுக்க அங்கே தெருவோரக் கரியடுப்பில் மத்தி மீன் வாட்டும் புகை வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எனவே உடம்போடு ஒட்டிக் குளிர் தாங்கும் ரப்பர் உடை, முழு நீள வெட்சூட், நாலு மில்லிமீட்டர் தடிமனாவது, மூன்று பேருக்கும். மகனுக்குக் கண்டிப்பாக. பிள்ளைகள் சீக்கிரம் விறைத்துவிடுவார்கள், விறைத்த பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

அடுத்து நேரம். காலையில் எழுந்து கடலைப் பார்த்தால் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடக்கும், சில நாள் மூடுபனியும் இருக்கும். நம்மாட்கள் ஏமாந்தோம் என்று கிளம்பிவிடுவார்கள். நிலம் சூடேறி, பகல் ஒரு மணிக்கு மேல்தான் காற்று எழும்பும், மூன்றுக்கு முழு வேகம், மாலை ஏழு வரைகூட நிற்கும். ஆகஸ்டில் எட்டு மணி தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை.

சரி, உங்கள் திட்டம். வியானாவிலிருந்து தரிஃபா சுமார் ஆயிரம் கிலோமீட்டர். அதை விடுங்கள். ஒவ்வொரு கரையிலும் காற்று வேறு, அலை வேறு, ஏற்றவற்றத்தின் போக்கு வேறு. ஒன்று பிடிபடுவதற்குள் அடுத்த ஊருக்கு மூட்டை கட்டுவீர்கள்.

கின்ஷோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரமுள்ள சின்ட்ரா மலை, ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனையான கபோ டா ரோக்காவும் அருகிலேயே. மலையைச் சுற்றிவரும் காற்று இங்கே இன்னும் வேகம் எடுக்கிறது. மதியம் மணலில் நின்றால் கெண்டைக்காலில் ஊசி குத்துவது மாதிரி மணல் அடிக்கும். கரைச் சாலையின் ஓரத்தில் மணல் மேடு கட்டிக் கிடக்கும். பாயை விரித்துப் பாய்மரத்தில் கோப்பதற்குள் அது பறக்கப் பார்க்கும், ஆட்கள் அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டுதான் கயிறு இழுப்பார்கள். நாலு சதுர மீட்டர் பாய், கரையிலேயே உடையும் அலை, எல்லாம் கைதேர்ந்தவர்கள். போய்ப் பாருங்கள், பார்க்கவே அருமையாக இருக்கும். இறங்காதீர்கள்.

தரிஃபா வேறு கதை. ஜிப்ரால்டர் நீரிணையின் மிகக் குறுகலான இடம், அக்கரையில் மொராக்கோ பதினான்கு கிலோமீட்டரில். அங்கே இரண்டு காற்று: மேற்கிலிருந்து பொனியெந்தே, கிழக்கிலிருந்து லெவாந்தே. நோர்ட்டாடா கரையோடு ஓடும் காற்று, நேர் மேற்கே போய் நேர் கிழக்கே திரும்பலாம், தடுமாறினாலும் கரை நெடுகத் தெற்கே தள்ளிப்போவீர்கள். தரிஃபாவின் அட்லாண்டிக் பக்கக் கரைகளில் லெவாந்தே ஓரளவு நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும், ஓரத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், நூறு மீட்டர் போனதும் முரடாகிவிடும், அதற்குமேல் உங்களை உள்ளேதான் கொண்டுபோகும். திரும்பும்போது விழுகிற ஒருவருக்கு இது சரிப்படாது. காற்றை எதிர்த்து ஏறிவந்து, கிளம்பின இடத்துக்கே வந்துசேரத் தெரிகிறதா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. வேகத்தைவிட அதைத்தான் முதலில் பழக வேண்டும்.

நான் சொல்லும் இடம் ஓபிடோஸ் காயல். லிஸ்பனுக்கு வடக்கே, காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஃபோஸ் டோ அரெல்யோ என்ற ஊரில் காயல் கடலைச் சேர்கிறது. அதே வடகாற்று, ஆனால் அலை இல்லை, பல இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர், விழுந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம், கடலைவிடச் சூடும் அதிகம். பயிற்சிப் பள்ளி உண்டு. மகனை அவர்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அப்பாக்கள் சொல்லித்தந்து பிள்ளை அழாமல் முடிந்ததை நான் கண்டதில்லை. அகலமான பலகை, இரண்டு மூன்று சதுர மீட்டர் பாய் கொடுப்பார்கள், அது போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: முகத்துவாரத்துப் பக்கம் போகக் கூடாது. ஏற்றவற்ற வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மூன்று மீட்டருக்கு மேல் இருக்கும் கரை அது. வற்றத்தின்போது காயல் தண்ணீர் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும், அதை எதிர்த்து யாரும் நீந்த முடியாது. எங்கே மாட்டினாலும் பலகையை விடாதீர்கள். பாயைத் தண்ணீரில் படுக்கவிட்டு, பலகைமேல் இருந்துகொண்டு, இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் உதவி கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்வார்கள். மகனுக்கு இதைப் பலகையில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவையுங்கள்.

பலகை, பாய்மரம் எதையும் சுமக்க வேண்டாம். விமானத்தில் தனிக் கட்டணம், அப்புறம் காரின் கூரையில் கட்டிக்கொண்டு அலைய வேண்டும், உங்கள் ஏரிப் பாய் அந்தக் காற்றுக்குப் பெரிதாகவும் இருக்கும். வாடகைக்கு எடுத்தால் அன்றைய காற்றுக்கு ஏற்ற அளவைக் கரையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பாயின் இழுப்பை உடம்பில் தாங்க மாட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை, உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது இருந்தால் அதை மட்டும் எடுத்துவாருங்கள்.

கடைசியாக, மனைவி அந்த இரண்டு வாரம் என்ன செய்வார் என்று நீங்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. காலையில்தான் காற்று கிடையாதே, அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள். பக்கத்திலுள்ள கால்டஸ் டா ரைன்யாவில் தினமும் காலையில் திறந்தவெளிப் பழச்சந்தை கூடும். ஓபிடோஸ் கோட்டை மதில்மேல் நடந்தே போகலாம், உட்புறத்தில் பல இடத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது, பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.