செல்போனும் ஸ்டுடியோவும்

அன்புள்ள ஐயா,

அப்பா நாற்பது வருடமாக போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கல்யாண வீடுகளிலும் “மாப்பிள்ளையோட தம்பியே போன்ல எடுத்துடுவான்” என்கிறார்கள். கடன் வாங்கியாவது புது கேமரா வாங்க வேண்டும் என்கிறார் அப்பா. இனி எல்லாமே செல்போன்தான் என்கிறான் தம்பி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச.,

தம்பி சொல்வதில் பாதி நடந்தே முடிந்துவிட்டது. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் ஆண்டுதோறும் தரும் கணக்கு இது: 2010-இல் கடைகளுக்குப் போன சின்ன டிஜிட்டல் கேமராக்கள் ஏறத்தாழ 11 கோடி, 2023-இல் சுமார் 17 லட்சம். லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்கள் அதே காலத்தில் 1.3 கோடியிலிருந்து 60 லட்சம் அளவுக்கு இறங்கின. அடி இரண்டுக்கும் விழுந்தது. ஒன்று அநேகமாக அழிந்தது, மற்றது பாதியாக நிற்கிறது.

நிற்பதற்குக் காரணம் வெளிச்சம். ஃபுல் ஃப்ரேம் (பழைய பிலிம் அளவு) கேமராவின் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கும் சில்லு, 36-க்கு 24 மில்லிமீட்டர். விலை உயர்ந்த போன்களின் பெரிய சென்சாரே 13-க்கு 9 தான். பரப்பில் ஏழில் ஒரு பங்கு, அதில் விழும் வெளிச்சமும் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. இரவில் கோயில் கோபுரத்தை எடுத்தால் அழகாக வரும், கோபுரம் அசையாது. விடிகாலை முகூர்த்தத்தில், ஓமப்புகைக்கு நடுவே, தாலி முடிகிற விரல்கள் அசைந்துகொண்டே இருக்கும். அங்கே போன் தடுமாறும். உங்கள் அப்பா தடுமாற மாட்டார். எந்த நொடியில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது வேறு அவருக்குத் தெரியும்.

ஆகவே கல்யாண ஆர்டர் கையில் இருந்தால் கேமரா வாங்கட்டும், செகண்ட் ஹேண்ட் போதும். பணத்தை நல்ல லென்ஸில் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் போட்டோவை நம்பிக் கடன் வேண்டாம், அந்தத் தொழில் திரும்பி வராது.

இன்னொன்று. என் பாட்டியை எடுத்த ஒரே படம் ஒரு வெள்ளத்தில் நனைந்து போனது. அதை எடுத்த ஸ்டுடியோவுக்கு அம்மா போனார். படத்தின் பின்னால் எழுதியிருந்த எண்ணை வைத்து, இருபத்திரண்டு வருடத்துப் பழைய நெகட்டிவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். இன்று எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது அந்தப் பிரின்ட். தொலைந்த போனிலிருந்து இப்படி எத்தனை பேருக்குப் படம் திரும்பக் கிடைத்திருக்கிறது?

அப்பாவிடமும் நெகட்டிவ் பெட்டிகள் இருக்கும். இந்த வாரமே திறந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வாடை பக்கத்து பிலிமையும் கெடுக்கும். அவற்றைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்யுங்கள். மீதியை ஈரமும் சூடும் படாத அலமாரிக்கு மாற்றுங்கள். கவர் மேல் அப்பா எழுதிய எண்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.