மோட்டார் சைக்கிள் சில்லை வீட்டிலேயே சமநிலைப்படுத்தலாமா?

கொட்டாஞ்சேனையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறேன். சில்லு நடுக்கம் பற்றி வந்த கேள்விகளுக்கு என் கை அனுபவத்திலிருந்து பதில் தருகிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை): அண்ணா, முன் டயர் புதிது. காலி வீதியில் ஒன்றும் தெரியவில்லை. புத்தளம் பக்கம் போகும்போது 70ஐத் தாண்டியதும் ஹேண்டில் நடுங்குகிறது. சமநிலைக் கோளாறுதானா?

பெரும்பாலும் அதுதான், தம்பி. ரிம்மில் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 80 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பலத்தோடு, வினாடிக்குப் 12 தடவை சில்லை உதறும். வேகம் பாதியானால் அந்த உதறல் கால்வாசியாகிவிடும். நெரிசலில் உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

சமநிலைப்படுத்துவது என்றால் பாரமான இடத்துக்கு எதிரே ரிம்மில் சிறிய எடைத் துண்டுகளை ஒட்டுவதுதான். ஆனால் எடை ஒட்டுவதற்கு முன் டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரின் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று சுற்றி ஓடும். அது எங்கும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் காற்றை இறக்கி, விளிம்பில் சவர்க்காரத் தண்ணீர் பூசி, மறுபடி காற்று அடியுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள்; எடை ஒட்டி அதைச் சரிசெய்ய முடியாது.

கேள்வி (மட்டக்குளி): இயந்திரம் இல்லாமல் உண்மையாகவே முடியுமா?

முடியும். மோட்டார் சைக்கிள் சில்லு ஒடுக்கமானது. கார் சில்லைப்போல் உள்பக்கம், வெளிப்பக்கம் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. பூமியின் ஈர்ப்பே போதும்.

சில்லைக் கழற்றுங்கள். ஸ்பீடோமீற்றர் பற்சக்கரம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அச்சை மறுபடி சில்லுக்குள் செருகி, ஒரே உயரமுள்ள இரண்டு கதிரைகளின் நடுவே சில்லைத் தொங்கவிட்டு, அச்சின் முனைகளை இருக்கைகளில் தாங்க வையுங்கள். மெதுவாகச் சுற்றி விடுங்கள். நிற்கப் போகும் நேரத்தில் அது கொஞ்சம் முன்னே போய், தயங்கி, பின்னே வந்து, ஊஞ்சல்போல் ஆடி அடங்கும். அந்த ஆட்டத்தைக் கண்டால் பாரமான இடம் கீழே வந்துவிட்டது என்று அறியலாம். அங்கே வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். இன்னும் இரண்டு தடவை சுற்றுங்கள். கோடு ஒவ்வொரு முறையும் கீழேயே வந்தால் சந்தேகமில்லை.

கோட்டுக்கு நேர் எதிரே, ரிம்மில், 5 கிராம் எடைத் துண்டொன்றை டேப்பால் தற்காலிகமாக ஒட்டுங்கள். பிறகு கோட்டைப் பக்கவாட்டுக்கு, கடிகாரத்தில் மூன்று மணி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து கையை எடுங்கள். கோடு கீழே இறங்கினால் எடை போதாது. மேலே ஏறினால் கூடிவிட்டது. விட்ட இடத்திலேயே சில்லு நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள். அவசரப்படாதீர்கள், இதற்கு அரை மணி நேரம் கொடுக்கலாம்.

கேள்வி (தெமட்டகொடை): எனக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதே?

இரண்டு காரணம் இருக்கலாம். சில்லு ஏற்கெனவே சமநிலையில் இருக்கலாம். அப்படியானால் ஆடாமல் அமைதியாக நிற்கும். அல்லது பேரிங் இறுகி, பாரமான இடம் கீழே வருமுன்னே சில்லைப் பிடித்து நிறுத்தலாம். பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் முதலில் பேரிங்கை மாற்றுங்கள்.

கேள்வி (பம்பலப்பிட்டி): டயரில் மஞ்சள் புள்ளி இருக்கிறது. அது எதற்கு?

பல டயர்களில் அது மிக இலேசான இடத்தைக் காட்டும். வால்வு இருக்கும் பக்கம் ரிம் சற்றுப் பாரமானது. புள்ளியை வால்வுக்கு நேரே வைத்துப் போட்டால் ஒட்ட வேண்டிய எடை குறையும்.

கேள்வி (வத்தளை): 60 கிராம் ஒட்டியும் போதவில்லை.

அவ்வளவு ஒட்டாதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு மறுபடி பாருங்கள். பல நேரம் பாதியாகக் குறையும். பஞ்சருக்குத் திரவம் ஊற்றியிருக்கிறீர்களா? அது சில்லு நிற்கும்போது அடியில் தேங்கி, அளவையே குழப்பிவிடும்.

கேள்வி (கிருலப்பனை): ஒட்டிய எடை இரண்டே வாரத்தில் விழுந்துவிட்டது.

எனக்கும் நடந்திருக்கிறது. கடற்காற்று பட்ட ரிம்மைத் துணியால் மட்டும் துடைத்து ஒட்டினேன். பேஸ்லைன் வீதியில் எங்கோ கழன்று போனது. அது பின்னால் வந்தவரின் முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு தூங்கவில்லை. துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுதாக நீக்கி, தின்னரால் துடைத்து, காய்ந்தபின் அழுத்தி ஒட்டுங்கள். உடனே மழையில் எடுத்துப் போகாதீர்கள். கம்பிச் சில்லென்றால் கம்பியின் நிப்பிளில் பிடிக்கும் எடைகள் இருக்கின்றன. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (தொடர்மாடியில் வசிக்கும் ஓர் அக்கா): என் ஸ்கூட்டரின் பின் சில்லுக்கும் இதே முறையா?

இல்லை, அக்கா. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் பின் சில்லு எஞ்சினிலிருந்து நீளும் தண்டிலேயே பூட்டப்பட்டிருக்கும். தனி அச்சு கிடையாது. முன் சில்லை நீங்களே பாருங்கள், பின் சில்லை டயர் கடைக்குக் கொடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சில்லைப் பூட்டி ஓட்டிப் பார்க்கப் போனேன். முதல் திருப்பத்தில் முன் பிரேக் பிடிக்கவே இல்லை!

தம்பி, உயிர் தப்பினீர்கள். டிஸ்க் பிரேக்கில் சில்லைப் பூட்டும்போது பிரேக் கட்டைகள் பின்னுக்குத் தள்ளப்படும். முதல் சில பிடிகள் வெறுமையாகத்தான் போகும். அச்சு நட்டை இறுக்கியதும், சில்லைக் கையால் சுற்றி உரசல் இல்லை என்று பார்த்ததும், நின்ற இடத்திலேயே பிரேக் லீவரைப் பல தடவை அழுத்துங்கள். அது கல்லாக இறுகிய பிறகுதான் ஸ்டாண்டை எடுக்க வேண்டும்.