அவசர விதியைச் சட்டமன்றம் நிறுத்திவைக்க முடியுமா?

கேள்வி: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சிறிய குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்தி வருகிறேன். எங்களுக்கு உரிமம் வழங்கும் துறை, இத்தனை குழந்தைகளுக்கு இத்தனை ஊழியர் என்ற கணக்கை மாற்றி, அதை ‘அவசர விதி’ என்று சொல்லி ஒரே நாளில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. யாரும் எங்களிடம் கருத்துக் கேட்கவில்லை. சட்டமன்றம் இதைத் தடுக்காதா? நான் யாருக்கு எழுத வேண்டும்?

பதில்: தடுக்க முடியும். அதற்காகச் சட்டமன்றம் முழுவதும் கூட வேண்டியதில்லை. இல்லினாயில் 1977-இல் அமைக்கப்பட்ட நிர்வாக விதிகளுக்கான கூட்டுக் குழு இருக்கிறது. சுருக்கமாக ‘ஜேகார்’ என்பார்கள். இரு அவைகளிலிருந்தும் இரு கட்சிகளிலிருந்தும் சம எண்ணிக்கையில் வரும் 12 உறுப்பினர்கள் அதில் உள்ளனர். ஓர் அவசர விதி பொதுநலனுக்கோ பாதுகாப்புக்கோ கடும் பாதகம் விளைவிக்கும் என்று அவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர், அதாவது குறைந்தது 8 பேர், வாக்களித்தால் அந்த விதி நிறுத்திவைக்கப்படும். அந்த அளவுக்குப் போகாமல் ஆட்சேபம் மட்டும் தெரிவிக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. அப்போது துறை பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் விதி அமலில் இருந்துகொண்டே இருக்கும்.

குழுவுக்கு எழுதும் பெரும்பாலானோர், விதி தங்களை எவ்வளவு வாட்டுகிறது என்பதை மட்டும் எழுதுகிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அவசர விதியைப் பொறுத்தவரை முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி வேறு. வழக்கமான விதி என்றால், துறை வரைவை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 45 நாட்கள் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு குழுவின் பரிசீலனைக்கென இன்னொரு 45 நாள் கட்டம் இருக்கிறது. அவசரம் என்ற ஒரே சொல் இந்த இரண்டு கட்டங்களையும் தாண்ட வைத்துவிடுகிறது. ஆகவே, அவசரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதுதான் உங்கள் கடிதத்தின் உயிர்நாடியாக இருக்க வேண்டும்.

இதற்கான ஆதாரம் துறையின் அறிவிப்பிலேயே கிடைக்கும். துறைகளின் விதி அறிவிப்புகளைத் தாங்கி வாரந்தோறும் வெளிவரும் அரசு வெளியீடான இல்லினாய் பதிவேட்டில் உங்கள் விதியைத் தேடிப் பாருங்கள். விதியின் வாசகத்துக்கு முன்னால் எண்ணிட்ட தலைப்புகளாக ஒரு முகப்பு அறிவிப்பு இருக்கும்: எந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம், எந்த நாள் முதல் அமல், எப்போது காலாவதி, அவசரத்துக்கான காரணம், இதே பகுதியில் வேறு வரைவு நிலுவையில் உள்ளதா, யாரிடம் விசாரிக்கலாம் என்று வரிசையாக வரும். ‘அவசரத்துக்கான காரணம்’ என்ற பத்தியை வரி வரியாகப் படியுங்கள். நேற்று முளைத்த ஆபத்தைச் சொல்கிறதா, அல்லது ஓராண்டாகத் தெரிந்திருந்த ஒரு காலக்கெடுவைத் துறை தவறவிட்டதை அவசரமாகக் காட்டுகிறதா? இரண்டாவது என்றால் தேதிகளோடு எழுதுங்கள். துறையின் சொந்தத் தாமதத்தை அவசரம் என்று ஏற்றுக்கொண்டால், பொதுமக்களைக் கேட்க வேண்டும் என்ற சட்டத்துக்கே பொருளில்லாமல் போகும் என்பது என் உறுதியான கருத்து.

அவசர விதிக்கு அதிகபட்ச ஆயுள் 150 நாட்கள். சில விலக்குகள் தவிர, அதே அவசர விதியை 24 மாதங்களுக்குள் மறுபடி கொண்டுவரக் கூடாது. அதனால் துறைகள் பெரும்பாலும் அதே வாசகத்தை நிரந்தர விதிக்கான வரைவாகவும் கூடவே வெளியிடுகின்றன. நீங்கள் தவறவிடக் கூடாத இடம் இதுதான். அவசர விதியில் கேட்கப்படாத உங்கள் குரலை இந்த வரைவின் 45 நாள் காலத்தில் கேட்டே ஆக வேண்டும். கூடுதலாக எத்தனை ஊழியர் தேவை, அவர்கள் கிடைக்காவிட்டால் எத்தனை குழந்தைகளைத் திருப்பி அனுப்ப நேரும் என்ற கணக்கு இங்கேதான் எடுபடும்.

குழுவின் தலையீடு வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். 2020 மே மாதம், ஊரடங்கை மீறித் திறக்கும் வணிகர்கள் மீது குற்ற வழக்குப் போட வழிசெய்த அவசர விதியை, குழுவில் எதிர்ப்பு வலுத்த நிலையில் மாநிலச் சுகாதாரத் துறையே சில நாட்களில் திரும்பப் பெற்றது. 2022 பிப்ரவரியில், பள்ளிகளுக்கான முகக்கவச விதியைத் துறை மீண்டும் பிறப்பித்தபோது, 9 உறுப்பினர்கள் வாக்களித்து அதை நிறுத்திவைத்தார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பருக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். விஸ்கான்சினில் இதைப் போன்ற குழுவுக்கு விதிகளை நிறுத்தும் அதிகாரம் இருந்தது. இரு அவைகளின் ஒப்புதலும் ஆளுநரின் கையொப்பமும் இல்லாமல் ஒரு குழு அப்படிச் செய்வது மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் அவசர விதியைச் சரிபார்ப்பது நிர்வாகத்தின் ஓர் அங்கமான நிர்வாகச் சட்ட அலுவலகம். டெக்சாஸில் அவசர விதியின் ஆயுளுக்கு 120 நாட்கள், ஒரு முறை 60 நாள் நீட்டிப்பு என்பது வரம்பு.

குழு நிறுத்தும் வரை விதி சட்டமே. கடிதம் அனுப்பிவிட்டோம் என்று ஊழியர் கணக்கை மீறினால் உங்கள் உரிமத்துக்கே ஆபத்து வரும். குழு பொதுவாக மாதம் ஒரு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தின் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே குழுவின் அலுவலகத்துக்குக் கடிதம் போய்ச் சேரும்படி அனுப்புங்கள். விதியின் தலைப்பையும் பிரிவு எண்ணையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். உங்கள் தொகுதியின் பிரதிநிதிக்கும் மேலவை உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.